இரண்டாகத் தைத்த புத்தகம்

இன்று நூலகத்தில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையின் வாடை வந்ததும், தென்காசித் தேரடியில் முன்பு இருந்த, இப்போது இல்லாமல் போன பைண்டிங் கடைக்கு மனம் போய்விட்டது. ஆளுக்கொன்று வாங்க வசதியில்லாமல், கல்லூரியில் படித்த அக்காவும் அவள் சிநேகிதி மும்தாஜும் சேர்ந்து வாங்கிய வேதியியல் புத்தகத்தைக் கடைக்காரர் அங்கேதான் மனசில்லாமல் இரண்டாக அறுத்துத் தைத்து, சாரல் ஈரத்தில் காயாத பசைக்கு விசிறிக்கொண்டே இருந்தார். ஆளுக்குப் பாதி படித்து, ஞாயிறுதோறும் மாற்றிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முன்னால் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் படிப்பு நின்றது. தன்னிடமிருந்த பாதியை மும்தாஜிடமே கொடுத்துவிட்டாள்.

பரீட்சை எழுதிய கையோடு மும்தாஜ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஏட்டி, நீ குடுத்த பாதியில இருந்துதான் நெறையக் கேட்டிருக்காவ."

அக்கா கல்யாணச் சேலைகளை ஓரமாகத் தள்ளினாள். "கேள்வியச் சொல்லு."

மும்தாஜ் கேட்கக் கேட்க, அக்கா ஒன்று விடாமல் பதில் சொன்னாள்.