கலைவாணன் கார் திரையில் ஓர் ஏரி

கூடுவாஞ்சேரியில் வாடகைக் கார் ஓட்டும் கலைவாணனால் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோன பிறகு அந்தப் பரபரப்பு இன்னும் கூடிவிட்டது.

காரணம், காரோடு வந்த திரைதான். அதிலிருந்த வரைபடத்துக்குப் பத்து வயது. செல்போனில் பார்த்தால் அவன் வீட்டுத் தெரு சந்துபொந்தோடு தெரியும். கார் திரையிலோ, மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் அம்புக்குறி நீலத்துக்குள் இறங்கிவிடும். நீலமென்றால் ஏரி. மனைப்பிரிவின் பெயரிலேயே 'லேக்' இருந்தது. அது எந்தப் பக்கம் என்று வாங்கும்போது அவன் கேட்கவில்லை.

"தெனமும் தண்ணிலயே வண்டிய நிறுத்துறேன்," என்று மனைவி ஜெனிஃபரிடம் புலம்பினான்.

"அது பழைய மேப்புய்யா. அப்டேட் பண்ணு, இல்லாங்காட்டி ஆஃப் பண்ணு. சும்மா பேஜார் பண்ணாத."

அணைத்தும் பார்த்தான். கை தானாகப் போய் மறுபடி போட்டது. கடைசியில் ஒர்க்‌ஷாப்பில் அரைநாள் காத்துக்கிடந்து புது வரைபடம் ஏற்றினான். நீலம் போய் வாசல்வரை வெள்ளைத் தெரு வந்தது. அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மாமல்லபுரம் சவாரி முடித்து மதியம் திரும்பியவன் தெருமுனையிலேயே காரை நிறுத்தினான். ஜெனிஃபர் தலையில் துணிமூட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தாள். போனும் திரையும் ஒரே குரலில் சொல்லின: "இருநூறு மீட்டர் நேராகச் செல்லவும்."

ஏறி உட்கார்ந்தவள் திரையைத் தட்டினாள்.

"அந்தப் பழைய மேப்ப திரும்ப ஏத்த முடியுமாய்யா? ஏரி எதுவரைக்கும் கீதுன்னு பாத்துத்தான் இனிமே வூடு தேடணும்."