வெள்ளைப் புடவைக்கேற்ற வெளிச்சம்

கண்ணால் கண்டவற்றையும், என் பழைய வேலைக் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். வெளிச்சத்தைப் பற்றிய நினைவு எளிதில் மெருகேறிவிடும். அதனால் இந்தக் கட்டுப்பாடு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், லிங்கராஜபுரத்துப் புடவைக் கடை ஒன்றில் விளக்கமைக்கும் பணி கிடைத்தது. தனித்தொழில் தொடங்கிய எனக்கு அதுவே முதல் பணி. தேவாலயத் திருமணங்களுக்குரிய வெள்ளைப் புடவைகள் அக்கடையின் சிறப்பு. வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை! பெண்வீட்டார் புடவையோடு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். நிறம் மாறித் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுவார்கள்.

"உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாலும், அத்தனையும் கழட்டிட்டுப் போயிடணும் தம்பி," என்றார் கடைக்கார அம்மையார்.

காலை வெயிலின் வெண்மையும் வேண்டும், மாலை வரவேற்பு மண்டபத்தின் மஞ்சள் தோய்ந்த வெண்மையும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விளக்கிலும் இருவகைக் குழல்கள். அவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் சோக்குகள். இன்று இதை டிரைவர் என்பார்கள்; அச்சொல் அன்று எங்களிடையே புழங்கவில்லை. மின்னழுத்தத்தால் கட்டுப்படும் சோக்கையே முதலில் தேர்ந்தேன். பழகியது என்பதே காரணம். முழு வெளிச்சத்தில் குறையில்லை. தணித்தபோது, நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைந்து, கடைக்கோடி விளக்குகள் வேறு நிறம் காட்டின.

அம்மையார் ஒரே புடவையைக் கவுண்டர் நெடுக விரித்தார். "என்னப்பா இது? இந்தப் பக்கம் பாலு, அந்தப் பக்கம் நெய்யா?"

எண்களால் ஆணை பெறும் டிஜிட்டல் சோக்குகளுக்கு மாறினேன். ஒவ்வொன்றும் தனக்கோர் எண்ணை ஏற்கும். ஆனால் வரிசைப்படி ஏற்காது. எந்த எண் எங்கே என்றறிய ஒவ்வொன்றாகச் சிமிட்ட வைத்தேன். நான் எண்ணைக் கூவ, அம்மையார் விளக்கைத் தேடிப்பிடித்து, "பிரசன்ட் சார்!" என்பார். ஒன்பதைக் காணோம்.

"லீவு லெட்டர் குடுத்துச்சா?" என்றார் அம்மையார்.

அது துணிமூட்டைகளுக்குப் பின்னால் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தாயும் மகளும் வந்தனர். மகளுக்கு ஒரு புடவை பிடித்துவிட்டது. தாய் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அம்மையார் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன்.

"அதே கலர்தான். பேக் பண்ணுங்கக்கா," என்றபடி தாய் திரும்பினார்.

"அதான் உள்ளயே தெரிஞ்சுதேம்மா!" என்றாள் மகள்.

"அதெப்படி, வெயில்ல பாக்காம வாங்கறதா?"

விளக்குகள் தப்பின. ஆனால் அவற்றின் வெளிச்சம் காலை வெயிலோடு எவ்வளவு ஒத்திருந்தது என்பது எனக்குத் தெரியாது; நிறத்தை அளக்கும் கருவி அன்று என்னிடம் இல்லை.