கும்பிட்ட பெட்டி

வடக்கே, ஆர்.கே.புரத்தில் தமிழர்கள் நடத்திய பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. காதால் கேட்டால்தான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வரும் என்று கோடைப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். பள்ளிக்கு டேப் ரெக்கார்டரும் வந்தது. தலைமையாசிரியை அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டைதான் வறண்டது.

"கராப் ஆயிட்டா யாரும்மா பொறுப்பு?"

சரஸ்வதி பூஜைக்கு அது வெளியே வந்தது, சந்தனம் குங்குமத்தோடு. ஆசையாய்க் கையை நீட்டினேன்.

"பூஜைல வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது."

"நாளைக்கு, மேடம்?"

"நாளைக்கு தசரா லீவாச்சே!"

லீவு முடிந்து ஓடினேன். பொட்டுகூட அழியாமல் மறுபடி பீரோவுக்குள் போயிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்வரை வருஷாவருஷம் அதைக் கும்பிட்டார்கள். அது பேசி ஒருநாளும் கேட்கவில்லை.