வெயிலுக்குத் திரை போட்டவர்

தியாகதுருகம் டீக்கடை பெஞ்சில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் செய்தித்தாள் மேல் வைத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளை மீசைக்காரர் சட்டென்று தன் தோள்துண்டால் அதை மூடினார். கடையின் மிட்டாய் பாட்டில்களுக்கு ஏற்கெனவே காகிதத்தில் முண்டாசு கட்டியிருந்தார்.

"இன்னாங்க இது?"

"லைட் ஹவுஸ்ல வேல பாத்தவன்ங்க நானு. பகல்ல லென்சுக்குத் திரை போட்டுடணும். இல்லன்னா வெயிலு அதுல குவிஞ்சு எறங்கி உள்ள பத்திக்கும். இப்ப அந்த லைட் ஹவுஸயே மூடிட்டாங்க."

கடலே எட்டிப் பார்க்காத ஊரில் இப்படியொரு காவல்! சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூடினப்புறம் இன்னாங்க கவலை?" என்றேன்.

"வெளக்கத்தான் அணைச்சாங்க. லென்சு மேலயே இருக்குது. வெயில யாருங்க அணைச்சாங்க?"

சின்னசேலம் பஸ் வந்ததும் வெறும் தோளோடு ஏறிவிட்டார். துண்டு என்னிடமே இருக்கிறது. வெயில் ஏறினால் கண்ணாடியை அந்தத் துண்டால்தான் மூடுகிறேன். வீட்டில் காரணம் கேட்டால், டீ குடிக்கப் போய்விடுகிறேன்.