கொளஞ்சியப்பருக்கும் ஒரு வழக்கு

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர்களில் செல்லியம்மாளைப் போல வெடுக்கென்று பேசுகிறவர் யாருமில்லை. இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவோடு படகேறி வந்து, வளர்ந்து, எங்கள் ஊர்ப் பொன்னுரங்கத்தைக் கட்டிக்கொண்டார். ஹட்டனில் இருக்கும் அக்காவைப் பார்த்துவரப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டபோது, பிறந்த ஊரை மறைக்காமல் எழுதிவிட்டார். உண்மை சொன்னதற்குக் கைமேல் பலன்: நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

பொன்னுரங்கம் வக்கீல் பிடித்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதோடு மனம் ஆறாமல், விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டவும் மனைவியை அழைத்துப் போனார். குறையை எழுதிக் கட்டிவிட்டால் சாமி விசாரிப்பார். தீர்ந்ததும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊர் என்று அங்கே கேட்டார்கள். கோர்ட்டுக் காகிதத்தில் 'இலங்கைப் பிரஜை' என்றிருந்த செல்லியம்மாள், தயங்காமல் எங்கள் ஊரைச் சொன்னார். யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.

இரண்டாம் மாதம், வழக்கு முடியும்வரை அவரை அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் தடை கொடுத்தது. பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாலையும் கையுமாக வந்து நின்றார்.

"கெளம்பு புள்ள, சாமிக்கு ராஜினாமா குடுத்துட்டு வந்துடலாம்."

செல்லியம்மாள் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாய்யா அவசரம்? தடைதான் குடுத்துக்கிறாங்க, தீர்ப்பு குடுக்கல. அதுவரைக்கும் சாமியும் என்கூட வாய்தாவுக்கு வரட்டும்."