கிளெம் வீட்டு ஆண்டெனா

கிளெம் டிரான்டர் மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். மனைவி கோரல் மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலையிலேயே கிடந்தான். அவளை அந்தக் கோலத்தில் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் என்பது என் ஊகம். அவன் யாரிடமும் சொன்னதில்லை. அடக்கம் முடிந்ததும் மகள் டீகன், “இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். ஒன்பது வருஷமாக அவனும் பண்ணவில்லை.

ஒருநாள் கறிக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்: “ஏம்ப்பா கிளெம், ஒம் பொண்ணு டிவியில நம்ம வட்டாரச் செய்தி வாசிக்குது. ஒரு வார்த்தை சொல்லலையே!”

வாங்கிய சாசேஜைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தானாம்.

மறுநாள் கூரைமேல் அவனைப் பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய ஆண்டெனாவை வாங்கி வந்து முடுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்துப் பண்ணைக்காரன். கிப்ஸ்லாந்து வட்டாரம் முழுக்க ஆண்டெனா மாட்டியே பிழைத்தவன்.

“என்னய்யா இது, துணி காயப்போடுறதுக்கா?” என்றேன்.

“ஏணியைப் பிடிக்கிறதா இருந்தா பிடி, வெர்ன். இல்லேன்னா போய் ஒன் ஆட்டைப் பாரு.”

டிவியில் கட்டம் கட்டமாக உடைந்த படம்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அவன் சோர்ந்து படியில் உட்கார்ந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னான். மகள் வாசிக்கும் செய்தி இந்த வட்டாரத்துக்கு மட்டும் காற்றில் வருவது, இணையத்தில் கிடைக்காது.

“பெருசா இருந்தா போதும்னு நெனச்சியா?” என்றேன். “டவுன்ல எல்லார் ஆண்டெனாவும் பெரிய கோபுரத்தைப் பாத்து நிக்கும். ஒனக்கு நடுவுல மலை மறைக்குது. கிழக்கால இடைவெளியில சின்னக் கோபுரம் ஒண்ணு இருக்கு. அதுக்குக் குட்டைக் கம்பி உள்ளதுதான் சரி. கம்பியும் படுத்திருக்கக் கூடாது, நிமிந்து நிக்கணும்.”

பெரியதைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதாக ஒன்று மாற்றி வந்தோம். அலையின் வலுவைக் காட்டும் என் பழைய மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கூரை முழுக்க நடந்தேன். எங்கும் சரியில்லை. கடைசியில் கொட்டகையின் மூலையில்தான் முள் எழும்பியது. அங்கே ஆறு மீட்டர்க் கம்பம் நட்டு, மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினோம். கொக்கட்டூக் கிளிகள் ஒயரைக் கடித்துத் துப்பிவிடும் என்பதால் குழாய்க்குள் விட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் மேலே விரலளவு விரலளவாகத் திருப்ப, அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

“போச்சு! போச்சு! வந்துருச்சு, கைய எடுத்துராத!”

நாலு மணிக்கு டிவியில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள். “ஆறு மணி வரைக்கும் இருந்துட்டுப் போயேன்” என்றான்.

ஆறு மணிக்குத் திரையில் டீகன் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பால் விலை, சாலை மறிப்பு, ஏதோ ஊரில் காட்டுத்தீ. கிளெம் நின்றபடியே பார்த்தான். செய்தி முடிந்ததும், “ரொம்ப எளைச்சிருக்கா” என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு மணிக்கு அவனை வெளியே யாரும் பார்த்ததில்லை. “ஒரு ஃபோன் போடுய்யா” என்று எத்தனையோ முறை சொன்னேன். “பண்ணாதேன்னு சொல்லியிருக்கா” என்பான்.

பதினான்கு மாதம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வட்டாரச் செய்தி இன்றோடு நிறுத்தப்படுகிறது என்று அவளே வாசித்தாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். திங்கட்கிழமை அதே நேரத்தில் மெல்பர்னிலிருந்து வேறொருவர் வாசித்தார். கிளெம் டிவியை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அவன் இதயம் நின்றுபோனது. நான்தான் டீகனுக்குச் சொல்லியனுப்பினேன். புது வேலைக்குப் போயிருந்த பெர்த்திலிருந்து வந்தாள். அடக்கம் முடிந்து வீட்டைப் பூட்ட வந்தபோது, “அப்பா என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாரா, வெர்ன்?” என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டெனா வைத்ததை, ஆறு மணியை, அவள் இளைத்துவிட்டதாக அவன் சொன்னதை.

“தெனமுமா?”

“தெனமும்தான், கண்ணு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “ஏதோ கோவத்துல சொன்னது. ஒரு தடவை பண்ணியிருந்தா எடுத்திருப்பேன். செய்தி முடிஞ்சு வெளிய வந்தா, ஃபோன்ல அவர் பேர் இருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன்.”

அவன் பேச்சைக் கேட்காமல் நானாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அதைச் சொல்லாமல் டீக்குக் கெட்டிலைப் போடப் போனேன். வீட்டில் பால் இல்லை.