ஏனுங்க என்று மூன்று தடவை

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிடும். இதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு வேலை மிச்சம். எனக்கு மலைமேல் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பதும் நான்தான். அதனால், போன குளிர்காலத்தில் எங்கள் சர்ச் கூடத்தில் நான்கு ஞாயிறு மாலைகளுக்கு மேற்கத்திய இசைக் கச்சேரி என்று முடிவானபோது, வாசிக்க வருகிறவர்களை அறிமுகம் செய்ய என்னையே கூப்பிட்டார்கள்.

வந்தவர்கள் நான்கு பேர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. இருபது வருடமாக ஒன்றாகவே வாசிக்கிறவர்கள். எங்கள் எஸ்டேட் பங்களாவில்தான் தங்கினார்கள். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வாசித்துப் பழகுவது கேட்கும். அறிமுகத்துக்கென்று ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த நாட்டில் படித்தார்கள், யாரிடம் பயின்றார்கள் என்று முழுக்க அதுதான். அதை வாசித்தால் தலைச்சோலையிலிருந்து ஜீப் பிடித்து வருகிற சனம் கொட்டாவி விடும். எங்கள் ஆட்களுக்கு ஒருத்தரைத் தெரிந்துகொள்வதென்றால் எந்த ஊர், என்ன சாப்பிட்டார், மலை ஏறும்போது வாந்தி எடுத்தாரா என்பதெல்லாம் தெரியவேண்டும். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கு ஒருத்தர் என்று நேரில் பார்த்துப் பேசிக் கதை சேர்த்தேன்.

முதல் ஞாயிறு செல்லோக்காரர். ஆள் உயர வாத்தியத்தைப் பஸ் சீட்டில் உட்காரவைத்து அவர் மலை ஏறியதையும், "ஏனுங்க, இதுக்கு முழு டிக்கெட்டுங்களா, அரை டிக்கெட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்டதையும் சொன்னேன். கூடம் அதிர்ந்தது. இரண்டாவது ஞாயிறு வியோலா வாசிக்கிற பெண். வியோலா என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, "வயலினுக்கு அக்கா முறையாகுதுங்க, குரல் கொஞ்சம் தடிச்சிருக்கும்" என்றேன். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தலை இன்னும் கனத்தது.

மூன்றாவது ஞாயிறு இரண்டாம் வயலின்காரரின் முறை. அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. காரணம், அந்த வாரம் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நடந்தது. டீக்கடை ஓரம், இரைந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நாலடி தள்ளி அவருக்கு வலப்புறமாக நின்று, "ஏனுங்க!" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்டது. மனிதர் அசையவில்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார். "உடுங்கக்கா, பட்டணத்து ஆளுங்க. நொம்பப் பெரிய எடமாட்டம் இருக்குது."

எங்கள் பக்கம் ஏனுங்க என்று கூப்பிட்டால் சண்டைக்காரன்கூடத் திரும்புவான். திரும்பாமல் நிற்பது முகத்தில் அடித்த மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பிறகு நேருக்கு நேராகப் போய் நின்றபோது அவர் அன்பாகத்தான் பேசினார். பங்களாவுக்கு நடக்கும்போது மட்டும் சட்டென்று விலகி எனக்கு வலது பக்கம் வந்து நடந்தார். அதையும் ஒரு மிடுக்காகவே எடுத்துக்கொண்டேன். வாசிக்கும்போது, முதல் வயலின் வாசிக்கிற அம்மாவின் வில்லைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார் என்பதை முந்தின வாரமே கவனித்திருந்தேன். அதை பக்தி என்று அறிமுகக் குறிப்பில் எழுதி வைத்தேன். ஒண்டிக்கடை விஷயத்தை அதற்குக் கீழே எழுதினேன்.

ஞாயிறு மாலை கூடம் நிறைந்திருந்தது. நான்கு பேரும் மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வயலின்காரர் வயலினை இடது தோளில் வைத்துக் குனிந்து தந்தியைச் சுண்டிக்கொண்டிருந்தார். நான் பக்தியைச் சொன்னேன். பிறகு, "ஆனா ஒண்ணுங்க. இவரை நான் மூணு தடவை ஏனுங்கன்னு கூப்பிட்டேன். திரும்பவே இல்லீங்க. நம்புங்க. இப்பக் கூப்பிடறேன் பாருங்க" என்றேன். மைக்கை இறக்கிவிட்டு, அவருக்கு வலப்புறமாகப் பின்னால் போய் நின்று, "ஏனுங்க" என்றேன்.

திரும்பவில்லை. கூடம் கொல்லென்று சிரித்தது. இன்னொரு தடவை. சிரிப்பு கூடியது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் தலை நிமிர்ந்தார், என் பக்கமல்ல, சனத்தின் பக்கம். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியாத சிரிப்பு அது.

மற்ற மூவரும் சிரிக்கவில்லை. செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டார். இரண்டாம் வயலின்காரருக்கு வலது பக்கத்து நாற்காலியில் இருந்த முதல் வயலின் அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சாய்ந்து அவருடைய வலது காதருகில் அவர் பெயரைச் சொன்னார். எனக்கே கேட்டது. அவர் சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காது அவருக்குக் கேட்காது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருநூறு பேர் நடுவில் ஒரு மனிதரின் ரகசியத்தை உரித்துக் காட்டிவிட்டு நான் நிற்கிறேன், சனம் கை தட்டுகிறது.

அன்று அவர்கள் வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் வயலின் அம்மா வாசிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரியும்.

கச்சேரி முடிந்து பின்னறையில் இரண்டாம் வயலின்காரர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க" என்றார். "வலது காது எட்டு மாசமா கேக்கறதில்லீங்க. எல்லாம் பழைய பாட்டு, மனப்பாடம். அந்தப் பக்கம் உக்கார்ற அம்மாவோட வில்லைப் பார்த்தே சமாளிச்சிட்டேன். இந்தச் சீசனை முடிச்சிட்டு நானே சொல்லிடலாம்னு இருந்தேன்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷமா கூட இருக்கிறவங்களுக்கே தெரியலையே" என்றார்.

திங்கட்கிழமை பங்களாவில் பழகும் சத்தம் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம்தான். செவ்வாய்க்கிழமை அந்த வியோலாப் பெண் ஆபீசுக்கு வந்து, நான்காவது ஞாயிறு மூன்று பேர் வாசிக்கிற உருப்படிகளாக மாற்றியிருப்பதாகச் சொன்னார். "நானே விலகிக்கிறேன்னு சொல்லிட்டாருங்க. நாங்க அழுதோம். ஆனா வேண்டாம், இருங்கன்னு ஒருத்தரும் சொல்லலை." சொல்லிவிட்டு, தான் சொன்னதில் தானே திடுக்கிட்ட மாதிரி நின்றார்.

புதன்கிழமை காலை ஒண்டிக்கடையில் சேலம் பஸ் நின்றது. அவர் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், வயலின் பெட்டி மடியில். நான் ஆபீசுக்குப் போகாமல் அதற்காகவே வந்திருந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மன்னிப்பு, ஆறுதல், இன்னொரு டாக்டரைப் பார்ப்பது, எல்லாம் வரிசையாக இருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, டீக்கடைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில், "ஏனுங்க" என்றேன்.

ஒரே தடவைதான். உடனே திரும்பினார்.

"சொல்லுங்க" என்றார்.

பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.